கண்ணுக்குத் தெரியாத கலப்பு: பயோடீசலின் தரமும் சோதனையும்

(பொறியியல் மாணவர்களும் எண்ணெய் ஆலை உரிமையாளர்களும் லாரித் தொழிலில் இருப்பவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பயோடீசல் என்றதும் நம்மிடையே மூன்று கேள்விகள் எழும். எந்த மரத்தை நடலாம்? ஏக்கருக்கு எவ்வளவு விதை கிடைக்கும்? லிட்டர் என்ன விலைக்குப் போகும்? மூன்றும் நியாயமான கேள்விகள். நான் இன்று பேச வந்தது நான்காவது கேள்வியைப் பற்றி. வண்டியின் டேங்கில் ஊற்றப் போகும் இந்தத் திரவம் உண்மையிலேயே பயோடீசல்தானா? அதை எப்படித் தெரிந்துகொள்வது? இந்த நான்காவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் முதல் மூன்றுக்கும் பொருள் இல்லை என்பது என் உறுதியான கருத்து. தரம் கெட்ட ஒரு டேங்கர் பயோடீசல் சில எஞ்சின்களைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. நல்ல பயோடீசல் தயாரிக்கிற பத்துப் பேரின் பிழைப்பையும் அது கெடுத்துவிடுகிறது.

எண்ணெயை அப்படியே ஊற்றினால் என்ன?

1900-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஆப்பிரிக்க நாடுகளில் நிலக்கடலை நிறைய விளைந்ததால், அந்த எண்ணெயிலேயே எஞ்சினை ஓட்டிப் பார்க்க அரசு விரும்பியது என்று ருடால்ஃப் டீசலே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். இந்தச் செய்தியைப் படித்துவிட்டு, அப்படியானால் கடலை எண்ணெயையோ புங்க எண்ணெயையோ நேரே ஊற்றி ஓட்டலாமே என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு.

கண்காட்சியில் சில மணி நேரம் ஓடுவது வேறு, ஆயிரக்கணக்கான மணி நேரம் பாரம் இழுப்பது வேறு. தாவர எண்ணெயின் பிசுபிசுப்பு, 40 டிகிரி செல்சியஸில் அளந்தால், 30 முதல் 40 சென்டிஸ்டோக் வரை இருக்கும். டீசலுக்கு இது 2 முதல் 4.5 வரைதான். டீசலுக்காகச் செய்த நாசிலின் நுண்துளை வழியே இவ்வளவு கெட்டியான எண்ணெயைச் செலுத்தினால் அது பொடிப்பொடியாகச் சிதறாமல் பெருந்துளிகளாக விழும். துளி முழுதும் எரியாது. மிச்சம் நாசில் முனையில் கரியாகப் படியும், பிஸ்டன் ரிங்கை ஒட்டவைக்கும், சிலிண்டர் சுவர் வழியே கீழே இறங்கி எஞ்சின் ஆயிலைக் கெட்டிப்படுத்தும். இன்றைய காமன் ரெயில் எஞ்சின்களில் எரிபொருள் 1,600 பார், அதற்கு மேலும் கூட, அழுத்தத்தில் பீய்ச்சப்படுகிறது. அவை இந்தக் கெட்டி எண்ணெயைத் தாங்கவே தாங்கா.

ஆகவே எண்ணெயை மாற்றியாக வேண்டும். 1937-இல் பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷவான் என்ற அறிஞர் இந்த மாற்றத்துக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே, பனை எண்ணெயிலிருந்து செய்த எஸ்டரில் பிரஸ்ஸல்ஸுக்கும் லூவன் நகருக்கும் இடையே ஒரு பேருந்து ஓடியது. இன்று நாம் பயோடீசல் என்று சொல்வதன் தொடக்கம் அதுதான்.

வேதியியல் எளிது. எண்ணெயின் மூலக்கூறு ஒரே காம்பில் தொங்கும் மூன்று காய்களைப் போன்றது. காம்பு கிளிசரின், காய்கள் கொழுப்பு அமிலங்கள். காஸ்டிக் சோடாவையோ காஸ்டிக் பொட்டாஷையோ வினையூக்கியாக இட்டு, மெத்தனாலோடு சேர்த்து 60 டிகிரிக்குச் சூடாக்கிக் கலக்கினால், காய் ஒவ்வொன்றாகக் காம்பைவிட்டுக் கழன்று மெத்தனாலோடு இணைகிறது. கழன்று இணைந்த அந்த மெத்தில் எஸ்டர்தான் பயோடீசல். நூறு கிலோ எண்ணெயும் பத்துப் பதினொரு கிலோ மெத்தனாலும் சேர்ந்தால் ஏறக்குறைய நூறு கிலோ பயோடீசலும் பத்துக் கிலோ கிளிசரினும் கிடைக்கும். கிளிசரின் கனமானது என்பதால் அடியில் தங்கும். மேலே நிற்பதை வடித்து, தண்ணீரில் கழுவி, உலர்த்தினால் வேலை முடிந்தது. பிசுபிசுப்பு 40-இலிருந்து 4, 5 என்ற அளவுக்கு இறங்கிவிடும்.

இவ்வளவு எளிது என்பதுதான் சிக்கலும். ஒரு டிரம்மும் ஒரு மோட்டாரும் இருந்தால் யாரும் செய்துவிடலாம். பெட்ரோலிய டீசல் பெரிய சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வருகிறது; அதன் ஆய்வகம் இரவு பகல் இயங்குகிறது. பயோடீசலோ சிறிய ஆலைகளிலிருந்தும் வருகிறது. மூலப்பொருள் ஒவ்வொரு லோடிலும் மாறுகிறது. தயாரித்த ஒவ்வொரு பேட்சும் தனித்தனிப் பொருள் என்றே கொள்ள வேண்டும். நேற்றைய பேட்ச் நன்றாக இருந்தது என்பது இன்றைய பேட்சுக்குச் சான்று ஆகாது.

தங்கநிறத் திரவத்துக்குள் என்னென்ன ஒளிந்திருக்கின்றன?

இந்த வினை எப்போதும் நூறு சதவீதம் முடிவதில்லை. மூன்று காயும் கழலாத எண்ணெய் கொஞ்சம் மிஞ்சும். ஒரு காய் மட்டும் கழன்ற டைகிளிசரைடும், இரண்டு கழன்ற மோனோகிளிசரைடும் மிஞ்சும். சரியாகப் பிரியாத கிளிசரின், ஆவியாக்கப்படாத மெத்தனால், கழுவாமல் விட்ட சோப்பு, வினையூக்கியின் சோடியம் அல்லது பொட்டாசியம், உலர்த்தாத ஈரம், எண்ணெயோடு வந்த அமிலம் எல்லாம் உள்ளே இருக்கலாம். இவ்வளவும் இருந்தாலும் புட்டியில் ஊற்றிப் பார்த்தால் தெளிந்த தங்கநிறத் திரவமாகவே தோன்றும். கண்ணால் பார்த்து, விரலில் தொட்டு, முகர்ந்து தரம் சொல்லக்கூடிய பொருள் அல்ல இது.

அதனால்தான் தர அளவுகள் வந்தன. 1991-இல் ஆஸ்திரியா, ரேப்சீடு எண்ணெயின் மெத்தில் எஸ்டருக்கென்று உலகின் முதல் தர அளவை வெளியிட்டது. அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் டி 6751 என்ற தர அளவு 2001 முடிவில் வந்தது. ஐரோப்பா முழுமைக்குமான இஎன் 14214 2003-இல் வந்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2005-இல் ஐஎஸ் 15607 என்ற அளவை வகுத்தது, 2016-இல் திருத்தியது. இந்த ஆவணங்களைப் புரட்டினால் எண்கள் அடுக்கடுக்காக வரும். மாணவர்கள் அதை மனப்பாடப் பட்டியலாகப் படிக்கிறார்கள். அப்படிப் படிக்கக் கூடாது. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் எங்கோ ஒரு வண்டி நின்றுபோயிருக்கிறது. சிலவற்றைப் பார்ப்போம்.

எஸ்டரின் அளவு குறைந்தது 96.5 சதவீதம் இருக்க வேண்டும். திரவத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறரைப் பங்கு பயோடீசலாக இருந்தாக வேண்டும் என்பதே இதன் பொருள். கேஸ் குரோமட்டோகிராஃப் என்ற கருவியால் இதை அளக்கிறோம். பெட்ரோலிய எண்ணெயையோ மாற்றப்படாத சமையல் எண்ணெயையோ கலந்திருந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது இந்தச் சோதனைதான்.

தனிக் கிளிசரின் 0.02 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கழலாமல் நிற்பவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட மொத்தக் கிளிசரின் ஐரோப்பிய அளவில் 0.25 சதவீதம், அமெரிக்க அளவில் 0.24 சதவீதம். முதல் எண் மீறினால் பிரிப்பதிலும் கழுவுவதிலும் குறை. இரண்டாவது எண் மீறினால் வினையே முடியவில்லை. ஆக, தேறவில்லை என்று சொல்வதோடு இந்தச் சோதனை நிற்பதில்லை. ஆலையில் எந்தக் கட்டத்தில் கோளாறு என்றும் சொல்லிவிடுகிறது. கிளிசரின் மிகுந்தால் டேங்க் அடியில் படியும், ஃபில்டரை அடைக்கும், நாசிலில் கரியாகும்.

மெத்தனால் 0.20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இதைத் தீப்பற்று நிலை என்ற சோதனையும் காட்டும். தூய எஸ்டரை 150 டிகிரிக்கு மேல் சூடாக்கினால்தான் அதன் ஆவி தீப்பற்றும். மெத்தனாலின் தீப்பற்று நிலையோ 11, 12 டிகிரிதான். சிறிதளவு மெத்தனால் மிஞ்சினாலும் மொத்தத் திரவத்தின் தீப்பற்று நிலை சரிந்துவிடும். ஐரோப்பிய அளவு, குறைந்தது 101 டிகிரி என்கிறது. கிடங்கில் வேலை செய்கிறவர்களின் உயிர் இந்த எண்ணில் இருக்கிறது. மெத்தனால் கொடிய விஷம் என்பதை, 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அது கலந்த கள்ளச்சாராயம் உயிர்களைப் பறித்தபோது நாம் கண்ணீரோடு கண்டோம். ஆகவே பயோடீசல் ஆலைக்கு வந்த மெத்தனாலும் செலவான மெத்தனாலும் லிட்டர் கணக்கில் பதிவாக வேண்டும். அதையும் தரத்தின் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன்.

அமில மதிப்பு 0.5-க்கு மேல் போகக் கூடாது. ஒரு கிராம் பயோடீசலில் உள்ள அமிலத்தைச் சமன்படுத்த எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும் என்பதே இந்த எண். அமிலம் மிகுந்தால் உலோகம் அரிக்கும். தயாரித்த அன்று 0.3 இருந்த பயோடீசல் சில மாதங்களில் 0.6 ஆகலாம், பழையதாகிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து ஒரு கிலோவில் 5 மில்லிகிராம். கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து இன்னொரு 5 மில்லிகிராம். முன்னவை வினையூக்கியின் மிச்சம். பின்னவை எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் கழுவப் பயன்படுத்திய உப்புத் தண்ணீரிலிருந்து. ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீரில் பயோடீசலைக் கழுவினால் கால்சியம் சோப்பு உண்டாகி எரிபொருளிலேயே தங்கிவிடும். நம் ஊர்களில் தண்ணீர் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாஸ்பரஸ் ஐரோப்பாவில் 4 மில்லிகிராம், அமெரிக்காவில் 10 மில்லிகிராம். அது எண்ணெயின் கசடிலிருந்து வருகிறது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபின் டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் விலையுயர்ந்த வினையூக்கிகளும் கரித்துகள் வடிகட்டிகளும் பொருத்தப்படுகின்றன. பாஸ்பரஸ் அந்த வினையூக்கியை முடக்குகிறது. உலோகங்கள் சாம்பலாகி வடிகட்டியை அடைக்கின்றன. எஞ்சின்கள் நுட்பமாக ஆக ஆக, பழைய வண்டி பொறுத்துக்கொண்ட குறைகளைப் புதிய வண்டி பொறுக்காது.

ஆக்ஸிஜனைத் தாங்கும் திறனைத் தனியே சொல்ல வேண்டும். பயோடீசலும் எண்ணெய்க் குலத்தைச் சேர்ந்ததுதான்; காற்றுப் பட்டால் காறிப்போகும். இதை அளக்க, சில கிராம் பயோடீசலை 110 டிகிரியில் வைத்து அதன் வழியே இடைவிடாமல் காற்றைச் செலுத்துகிறோம். கெடத் தொடங்கியதும் எழும் ஆவி அமிலங்கள் தூய நீரில் போய்ச் சேர, அந்த நீரின் மின்கடத்துதிறன் சட்டென ஏறும். அதுவரை எத்தனை மணி நேரம் தாங்கியது என்பதே கணக்கு. அமெரிக்கா 3 மணி நேரம் கேட்கிறது. ஐரோப்பா முதலில் 6 கேட்டது, பிறகு 8 ஆக உயர்த்தியது. காட்டாமணக்கு பயோடீசல் இயல்பாக ஏறக்குறைய 3 மணி நேரமே தாங்குகிறது என்றும், பனை எண்ணெய் பயோடீசல் 13 மணி நேரத்துக்கு மேல் தாங்குகிறது என்றும், இரண்டையும் தக்க விகிதத்தில் கலந்தால் காட்டாமணக்கின் குறை தீரும் என்றும் ஃபரிதாபாத்தில் உள்ள இந்தியன் ஆயில் ஆய்வு மைய அறிவியலாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். சோதனை குறையை மட்டும் காட்டுவதில்லை, தீர்வுக்கும் வழி திறக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

மினசோட்டா கற்ற பாடம்

தர அளவு காகிதத்தில் இருந்தால் மட்டும் போதுமா? அமெரிக்காவின் வட எல்லையில் உள்ள மினசோட்டா மாநிலம் இதற்கு விடை தந்தது.

மினசோட்டா சோயா விளையும் பூமி. உழவர்களுக்கு நல்ல சந்தை வேண்டும் என்று, விற்கும் டீசலில் 2 சதவீதம் பயோடீசல் கலந்தாக வேண்டும் எனச் சட்டம் செய்தார்கள். 2005 செப்டம்பர் 29 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க மாநிலங்களில் இப்படி ஒரு கட்டாயம் கொண்டுவந்த முதல் மாநிலம் அதுதான். சில வாரங்களில் குளிர் வந்தது. சாலைகளில் லாரிகளின் ஃபில்டர்கள் அடைத்துக்கொண்டன. ஓட்டுநர்கள் கொதித்தார்கள். டிசம்பரில் மாநில அரசு அந்தக் கட்டாயத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க நேர்ந்தது. ஆராய்ந்து பார்த்ததில், சந்தைக்கு வந்த பயோடீசலில் ஒரு பகுதி தர அளவுக்கு உட்படவில்லை என்பது தெரிந்தது. கிளிசரின் மிகுந்திருந்தது. கலந்தது வெறும் 2 சதவீதம்தான் என்பதைக் கவனியுங்கள். மீதித் தொண்ணூற்றெட்டு லிட்டர் நன்றாக இருந்தாலும், கெட்டுப்போன அந்த இரண்டு லிட்டரே வண்டியை நிறுத்தப் போதும்.

அப்போது தர அளவு இல்லாமல் இல்லை. டி 6751 வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன்படி ஒவ்வொரு பேட்சையும் சோதிக்கும் பழக்கம்தான் இல்லை. 2006-இல் அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் நாடு முழுவதும் மாதிரிகள் எடுத்துப் பார்த்தது. 59 சதவீத மாதிரிகள் தேறவில்லை. பெரும்பாலானவை தோற்றது மொத்தக் கிளிசரினில்.

அதன் பிறகு அவர்கள் செய்ததுதான் நமக்குப் பாடம். திட்டத்தைக் கைவிடவில்லை, குறையை மூடி மறைக்கவுமில்லை. தயாரிப்பாளர்களையும் விற்பனையாளர்களையும் தணிக்கை செய்து சான்றளிக்கும் பிகியூ-9000 என்ற தன்னார்வத் திட்டத்தை வலுப்படுத்தினார்கள். 2008-இல் ஒரு புதிய சோதனையைத் தர அளவில் சேர்த்தார்கள். 300 மில்லிலிட்டர் பயோடீசலை ஏறக்குறைய 4 டிகிரியில் 16 மணி நேரம் வைத்து, பிறகு அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, மிக நுண்ணிய வடிகட்டி வழியே விட வேண்டும். 6 நிமிடத்துக்குள் வடிந்தால் தேறியது. குளிரில் திரளும் மோனோகிளிசரைடுகளும், சோயாவிலும் பனையிலும் உள்ள ஸ்டெரால் குளுகோசைடு என்ற பொருளும் அறை வெப்பம் திரும்பிய பின்னும் எளிதில் கரைவதில்லை. அவற்றைப் பிடிப்பதற்கான சோதனை இது. 2011-இல் தயாரான பயோடீசலை அதே ஆய்வகம் மறுபடி ஆராய்ந்தபோது 95 சதவீத மாதிரிகள் தேறின. மினசோட்டாவும் கலப்பைப் படிப்படியாக உயர்த்தி, 2018 முதல் கோடைகாலத்தில் 20 சதவீதம் கலக்கிறது. 2 சதவீதத்தில் தடுக்கி விழுந்த மாநிலம் 20 சதவீதத்தில் நிமிர்ந்து நடக்கிறது. இடையில் மாறியது சோயா அல்ல, எஞ்சின் அல்ல. சோதனை மாறியது.

மண்ணுக்கேற்ற அளவுகள்

தர அளவு இயற்கை விதி அன்று. மனிதர் கூடி வகுத்தது. வகுத்தவர்களின் நிலத்தில் விளைவது எது என்பது அதில் பதிந்திருக்கும். ஐரோப்பிய அளவில், எண்ணெயின் நிறைவுறாத் தன்மையைக் காட்டும் அயோடின் மதிப்பு 120-ஐத் தாண்டக் கூடாது. அங்கே விளையும் ரேப்சீடு எண்ணெய் இந்த வரம்புக்குள் வந்துவிடும். அமெரிக்காவின் சோயா எண்ணெய் பெரும்பாலும் வராது. அமெரிக்க அளவில் அயோடின் மதிப்புக்கு வரம்பே இல்லை. ஐரோப்பா பிசுபிசுப்புக்கு 3.5 முதல் 5 வரை வரம்பு வைத்தது. தேங்காய் எண்ணெய் பயோடீசலின் பிசுபிசுப்பு 3-க்கும் கீழே. அதனால் அது கெட்ட எரிபொருள் ஆகிவிடுமா? தேங்காய் விளையும் பிலிப்பைன்ஸ் தனக்கென்று தனி அளவு வகுத்துக்கொண்டு, 2007 முதல் தேங்காய் எஸ்டரை டீசலில் கட்டாயமாகக் கலந்துவருகிறது. மாறாக, ஆமணக்கு எண்ணெயின் எஸ்டர் மிகவும் கெட்டியானது. எந்த நாட்டு வரம்புக்குள்ளும் தனியாக நிற்காது. கையில் எந்த எண்ணெய் இருக்கிறதோ அதன் இயல்பை அறிந்த பிறகே அளவைப் பேச வேண்டும்.

இந்தியாவின் கதையும் அப்படியே. 2002 டிசம்பர் 31 அன்று அமிர்தசரஸ் சதாப்தி ரயில் 5 சதவீதம் பயோடீசல் கலந்து ஓடியது. பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனம் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து ஐரோப்பியத் தரத்துக்கு இணையான பயோடீசலைச் செய்து காட்டியது. 2006 ஜனவரி முதல் எண்ணெய் நிறுவனங்கள் தர அளவுக்கு உட்பட்ட பயோடீசலை லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்கும் என மத்திய அரசு அறிவித்தது. தமிழ்நாட்டிலும் காட்டாமணக்கு ஏக்கர் ஏக்கராக நடப்பட்டது. விளைச்சல் ஏமாற்றியதை எல்லோரும் பேசுகிறோம். தரத்தின் பக்கமும் ஒரு சிக்கல் இருந்ததை அதிகம் பேசவில்லை. நம் மரவிதை எண்ணெய்களில் தனிக் கொழுப்பு அமிலம் மிகுதி. மழையில் நனைந்த, நாள்பட்ட விதையை ஆட்டினால் இன்னும் மிகுதி. காட்டாமணக்கு எண்ணெயில் 14, 15 சதவீதம் வரையும், இலுப்பை எண்ணெயில் அதற்கு மேலும் போவது உண்டு. 1 சதவீதத்தைத் தாண்டினாலே காஸ்டிக் சோடா அந்த அமிலத்தோடு சேர்ந்து சோப்பாகிவிடும். எனவே முதலில் கந்தக அமிலத்தைக் கொண்டு அமிலத்தை எஸ்டராக்கி, பிறகே வழக்கமான முறைக்கு வர வேண்டும். இந்த முதல் படியைத் தாண்டிக் குதிக்கும் சிறு ஆலைகளால் தரத்தை எட்ட முடியாது. ஆக, தரம் விதையை உலர்த்தும் களத்திலேயே தொடங்குகிறது.

இன்று நம் நாட்டில் பேச்சு, சமைத்து மிஞ்சிய எண்ணெய் பக்கம் திரும்பியிருக்கிறது. 2018-இல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. அதே ஆண்டு ஜூலை முதல், திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது உண்டாகும் மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்தது. அந்த எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசலாக்க ரூகோ என்ற திட்டத்தையும் தொடங்கியது. பலமுறை காய்ந்த எண்ணெய் தள்ளுவண்டிக் கடைக்குப் போய் ஏழைகளின் வயிற்றில் விழாமல் லாரியின் டேங்கில் விழுவது மிக நல்ல காரியம். ஆனால் அந்த எண்ணெயில் தண்ணீர், உப்பு, உணவுத் துகள், உயர்ந்த அமிலம், வெப்பத்தில் பின்னிக் கெட்டிப்பட்ட மூலக்கூறுகள் எல்லாம் இருக்கும். எந்த இரண்டு ஓட்டல் எண்ணெயும் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே புது எண்ணெயிலிருந்து செய்வதைவிடப் பழைய எண்ணெயிலிருந்து செய்வதற்குக் கூடுதல் சோதனை தேவை.

இன்னொரு அபாயம், பெயரை மட்டும் கடன்வாங்கி விற்பது. 2021-இல் குஜராத்தில் பயோடீசல் என்ற பெயரில் சட்டவிரோதமாக விற்கப்பட்ட திரவங்களுக்கு எதிராக அரசு பெரும் நடவடிக்கை எடுக்க வேண்டியிருந்தது. விலை குறைவு என்று வாங்குகிறவர் இன்ஜெக்டருக்கும் பம்புக்கும் செலவழிக்கும்போதுதான் உண்மை விலை தெரியவரும்.

சிறு ஆலையில் என்ன செய்ய முடியும்?

முழுச் சோதனைக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டும். கேஸ் குரோமட்டோகிராஃபும், உலோகம் அளக்கும் கருவியும், எரிபொருள் எவ்வளவு விரைவில் பற்றுகிறது என்பதைக் காட்டும் சீட்டேன் எண்ணைப் பார்க்கும் தனி எஞ்சினும் ஒவ்வொரு ஆலையிலும் இருக்க முடியாது. அதற்காகச் சும்மா இருக்கவும் கூடாது.

அமில மதிப்பைப் பள்ளி ஆய்வகத்தில் உள்ள ப்யூரெட்டும் கூம்புக் குடுவையும் பினாப்தலீனும் கொண்டு பார்த்துவிடலாம். பிளஸ் டூ படித்தவர் ஒரே நாளில் கற்றுக்கொள்ளக்கூடிய தரம் பார்த்தல்தான் அது. எண்ணெய் வந்து இறங்கும்போது ஒருமுறை, பயோடீசல் ஆனபின் ஒருமுறை பார்க்க வேண்டும். 27 மில்லிலிட்டர் மெத்தனாலில் 3 மில்லிலிட்டர் பயோடீசலை விட்டுக் குலுக்கி வைத்தால், நல்லது முழுதும் கரைந்து தெளியும்; மாறாத எண்ணெய் இருந்தால் அடியில் தங்கும்; பெட்ரோலிய எண்ணெய் கலந்திருந்தாலும் கரையாமல் பிரியும். ஆமணக்கு எண்ணெய்க்கு மட்டும் இது பயன்படாது, அது மெத்தனாலில் தானே கரையக் கூடியது. சம அளவு தண்ணீர் சேர்த்துக் குலுக்கினால், சோப்பு மிகுந்த பயோடீசல் மோர் நிறமாகி நெடுநேரம் பிரியாமல் நிற்கும்; நல்லது விரைவில் தெளிந்து பிரியும். அடர்த்தியை ஹைட்ரோமீட்டரில் பார்க்கலாம். 15 டிகிரியில் 860-க்கும் 900-க்கும் நடுவே இருக்க வேண்டும்.

இவற்றில் தோற்ற பேட்சை அங்கேயே நிறுத்திவிடலாம். தேறிய பேட்சை இவற்றை மட்டும் நம்பி விற்கக் கூடாது. மோனோகிளிசரைடையும் உலோகத்தையும் இந்த எளிய சோதனைகள் காட்டா. அதற்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு மாதிரி போக வேண்டும்.

மாதிரி எடுப்பதும் ஒரு கலைதான். டேங்கின் மேலிருந்து மட்டும் எடுத்தால் அடியில் தங்கிய கிளிசரினும் தண்ணீரும் தப்பிவிடும். மேல், நடு, அடி மூன்றிடத்திலும் எடுத்து, உலர்ந்த சுத்தமான கண்ணாடிப் புட்டியில், வெளிச்சம் படாமல் மூடி, பேட்ச் எண்ணும் தேதியும் எழுத வேண்டும். ஒரு புட்டி ஆய்வகத்துக்கு. இன்னொன்று முத்திரையிட்டு ஆலையில். நாளை தகராறு என்று வந்தால் அந்த இரண்டாவது புட்டிதான் நேர்மையான தயாரிப்பாளரைக் காக்கும்.

நிறைவாக

நண்பர்களே, பயோடீசலை நான் நம்புகிறேன். அதில் கந்தகம் மிகக் குறைவு. அதன் சீட்டேன் எண் நல்லது. கந்தகம் நீக்கிய டீசலில் ஒன்றிரண்டு சதவீதம் சேர்த்தாலே பம்புக்கு வேண்டிய வழுவழுப்பு திரும்பிவிடும். மானாவாரி நிலத்துப் புங்கமரத்துக்கும் ஓட்டல் அடுப்படியில் மிஞ்சும் எண்ணெய்க்கும் அது ஒரு மதிப்பைத் தருகிறது. இவ்வளவு நன்மையும் மக்கள் நம்பிக்கை என்ற ஒன்றின்மேல் நிற்கிறது. சோதனை இல்லாமல் அந்த நம்பிக்கையைப் பெறவும் முடியாது, காக்கவும் முடியாது.

எனவே மூன்று வேண்டுகோள். ஆலை நடத்துகிறவர்களுக்கு: தனித்தனியே வாங்க முடியாத கருவிகளைப் பத்து ஆலைகள் சேர்ந்து வாங்குங்கள், பொறியியல் கல்லூரிகளின் ஆய்வகங்களோடு உடன்பாடு செய்துகொள்ளுங்கள். தேறாத பேட்சை நல்ல பேட்சோடு கலந்து ஒப்பேற்றாமல், மறுபடி வினைக்கு உட்படுத்துங்கள். மாணவர்களுக்கு: புதிய எண்ணெய் ஒன்றிலிருந்து பயோடீசல் செய்தோம் என்ற திட்ட அறிக்கைகள் போதும் போதும் என்ற அளவுக்கு வந்துவிட்டன. செய்ததை முழுத் தர அளவின்படி சோதித்தோம், இந்தந்த எண்ணில் தோற்றோம், இப்படிச் சரிசெய்தோம் என்ற அறிக்கையைக் கொண்டுவாருங்கள். நாட்டுக்கு அதுதான் தேவை. வண்டி வைத்திருப்பவர்களுக்கு: விலையைக் கேட்பதற்கு முன் சான்றைக் கேளுங்கள். பேட்ச் எண்ணும், சோதித்த தேதியும், ஆய்வகத்தின் பெயரும், ஐஎஸ் 15607-இன்படி அளந்த எண்களும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லையென்றால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்தத் திரவத்தை உங்கள் வண்டியில் ஊற்றாதீர்கள்.